மூக்கு ஒழுகாத ஜக் செய்யப் போய் முதுகலை படித்த கதை

கைவினையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அதுதான் உனக்கு வேலை தெரியுமே, அப்புறம் எதற்குப் படிப்பு?" என்பதுதான். நியாயமான கேள்வி. படிப்பில் சேர்வதற்கு முன்பே பல வருடங்களாகச் சக்கரத்தில் வனைந்துகொண்டிருந்தேன். மண்ணை மையத்தில் நிறுத்த யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் செய்துபார்த்தே கற்கும் இந்த வகைப் படிப்பில், கை தேர்ந்து வருபவர்களைத்தான் முதல் பருவம் அதிகம் படுத்துகிறது. வேலை பழகிய கை யோசிப்பதற்கு முன்பே விளிம்பை மடித்து, மூக்கை இழுத்து, பாண்டத்தை அறுத்துப் பலகையில் வைத்துவிடும். ஏன் அப்படி மடித்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது. 'அப்படித்தான் செய்வது வழக்கம்' என்பதற்கு மேல் எதையாவது சொல்லவைப்பதுதான் இந்தப் படிப்பின் முழு வேலையும்.

விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், சேர்ந்துவிட்டு முதல் பருவத்தில் திணறுபவர்களுக்கும் உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். என் துறை பீங்கான் என்பதால் உதாரணங்கள் மண்ணும் சூளையுமாகவே வரும். தறியிலோ மரத்திலோ உலோகத்திலோ வேலை செய்பவர்கள் தங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இது என்ன படிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1993-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங், கலை மற்றும் வடிவமைப்பு ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆராய்ச்சி, கலை வழியாக நடக்கும் ஆராய்ச்சி, கலைக்காக நடக்கும் ஆராய்ச்சி. பழைய ஜாடிகளின் வரலாற்றை எழுதினால் அது முதல் வகை. ஒரு ஜாடி செய்வதற்காக நாலு விதமான மண்ணைச் சுட்டுப் பார்ப்பது கடைசி வகை; கண்டுபிடித்ததெல்லாம் அந்த ஜாடிக்குள்ளேயே அடங்கிவிடும். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. செய்தால் மட்டுமே தெரியவரும் ஒன்றைச் செய்து தெரிந்துகொண்டு, இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியே சொல்லவும் வேண்டும். வகுப்புகள் தொடங்கிய சில நாட்களிலேயே இந்தப் பிரிவினை உங்கள் காதில் விழும். மனப்பாடம் செய்யாதீர்கள். கடைசியாகச் செய்த நான்கு பொருட்களை மேஜையில் வைத்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். என்னுடையவை எல்லாமே மூன்றாவது வகையில் போய் நின்றன. அந்த ஒரு பயிற்சியிலேயே நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது பாதி புரிந்துவிட்டது.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பற்றி. தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பட்டறையைப் பாருங்கள். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை சூளை? மாலைக்கு மேலும் விடுமுறையிலும் உள்ளே போக முடியுமா? சூளையின் சூட்டு வரிசையை மாணவரே அமைக்கலாமா, இல்லை கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? டெக்னீஷியன் வாரத்தில் எத்தனை நாள் இருப்பார்? மூலப்பொருள் கட்டணத்தில் அடங்குமா? இவற்றை அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் கையேட்டில் இருப்பதைத்தான் சொல்வார்கள். படிப்பின் நீளத்தையும் கவனியுங்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கல்வியாண்டு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது வருடத்துக்கு 1500 முதல் 1800 மணி நேரம். பிரிட்டனில் முதுகலைக்கு 180 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி நேரம். அங்கும் கணக்கு 1800-இல் வந்து நிற்கிறது. காகிதத்தில் ஒரு வருடம் போதும் போலத் தெரியும். ஆனால் மண் நம் மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. அது காய வேண்டும், சுட வேண்டும், ஆற வேண்டும். மெதுவான பொருளில் வேலை செய்பவர்கள் முடிந்தவரை இரண்டு வருடப் படிப்பைத் தேடுங்கள் என்பது என் கருத்து. செலவு கூடும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

போர்ட்ஃபோலியோவில் எல்லாரும் பளபளப்பான படங்களை வைக்கிறார்கள். வைக்கட்டும். கூடவே செய்த வழி தெரியும் படங்களையும் வையுங்கள்: வரைவுகள், சோதனைச் சில்லுகள், பாதியில் விட்டவை. நேர்முகத்தில் என் அழகான படங்களை வேகமாகப் புரட்டியவர்கள், கம்பியால் நெடுக்காக இரண்டாக அறுத்த ஒரு ஜக்கின் படத்தில் நின்றுவிட்டார்கள். சுவரின் தடிமனைப் பார்ப்பதற்காக நான் வழக்கமாகச் செய்வது அது. மீதி நேரம் முழுக்க அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் பேச்சு.

விண்ணப்பத்தில் எழுதும் தலைப்பு பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான்: அன்றாடப் பயன்பாடு, பாண்டம், மனித உறவு என்று எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பக்கூடிய தலைப்பு. கல்லூரிக்கும் அது தெரியும், அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சுருக்குவதுதான் முதல் பருவத்தின் வேலை. எனக்கு அது நடந்த விதம் இப்படி. வழிகாட்டி என் ஜக் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து, அதன் மேல் கிண்ணத்தை வைத்து நிதானமாக ஊற்றினார். கொஞ்சம் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. கொஞ்சம் மூக்கின் அடிப்பக்கமாகத் திரும்பி, வயிற்றில் வழிந்து, காகிதத்தை நனைத்தது.

"இது ஏன் ஒழுகுகிறது?"

"கொஞ்சம் வேகமாக ஊற்றினால் ஒழுகாது."

"சரி. அப்படியென்றால் குறை ஜக்கிலா, ஊற்றுகிறவரிலா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நல்ல கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கையால் சோதிக்கக்கூடியதாக, ஆம் இல்லை என்று உடனே முடிந்துவிடாததாக, பதில் கிடைத்தால் இன்னொரு குயவருக்கும் உதவக்கூடியதாக இருக்க வேண்டும். 'பாண்டமும் மனித உறவும்' இந்த மூன்றில் ஒன்றிலும் தேறாது. 'எந்த விளிம்பு ஒழுகாது' என்பது மூன்றிலும் தேறும். உறவு வேண்டாம் என்றில்லை. ஊற்றுகிறவர் வழியாக அது பின்னால் தானாகவே உள்ளே வந்துவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஒழுகல் இயற்பியலாளர்களின் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது என்று. 1956-இல் மார்கஸ் ரைனர் என்ற அறிஞர் இதற்குத் 'தேநீர்க் கெண்டி விளைவு' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். அடுத்த வருடம் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் விளக்கம் கொடுத்தார். தண்ணீர் விளிம்பைச் சுற்றி வளையும் இடத்தில் அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரைப் பாண்டத்தோடு சேர்த்து அமுக்குகிறது. இந்த வரிசையில் செய்த வேலைக்காகக் கெல்லருக்கும் ழான்-மார்க் வாண்டன்-ப்ரூக்குக்கும் 1999-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. 2010-இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் சிலர், மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டுமா ஒட்டாதா என்பதும் முக்கியம் என்று காட்டினார்கள். தண்ணீர் ஒட்டாத பரப்பில் ஒழுகல் அநேகமாக நின்றேபோகிறது. ஆக எனக்குக் கிடைத்தவை மூன்று: ஊற்றும் வேகம், விளிம்பின் கூர்மை, மேற்பரப்பின் தன்மை. விளிம்பு கூராக இருந்தால் தண்ணீர் வளைந்து திரும்ப முடியாமல் பிய்ந்து விழுகிறது.

இயற்பியல் கட்டுரையில் பிரச்சினை இங்கே முடிந்துவிடும். பட்டறையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கூர் விளிம்பு முதல் வாரத்திலேயே மூளியாகும். கழுவும்போது விரலைக் கிழிக்கும். பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சான கிளேஸ், சூளையில் உருகும்போது கூர்முனையை விட்டு விலகி, முனையில் மெலிந்து, அதன் ஓரத்தில் திரண்டு, நாம் கஷ்டப்பட்டுச் செதுக்கிய கோணத்தையே உருண்டையாக்கிவிடும். அந்தப் பளபளப்பான கிளேஸின் மேல் தண்ணீர் நன்றாகப் பரவி ஒட்டவும் செய்யும். ஆகவே என் கேள்வி இன்னும் சுருங்கியது: உடையாமலும் கையைக் கிழிக்காமலும் இருக்க விளிம்பு எவ்வளவு மழுங்கலாம், அந்த மழுங்கலிலும் ஒழுகாமல் இருக்க மூக்கின் அடிப்பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி இந்த அளவுக்கு வந்த பிறகு முழு ஜக் செய்வதை நிறுத்திவிட்டேன். இது எந்தத் துறைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு ஜக்கை வனைந்து, ஓரளவு காய்ந்ததும் அடியைச் செதுக்கி, கைப்பிடி வைத்து, மெதுவாக உலர்த்தி, முதல் சூடு சுட்டு, கிளேஸ் பூசி, இரண்டாம் சூடு சுட்டு எடுக்க, சூளைக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே இரண்டு மூன்று வாரம் போய்விடும். ஒரு பருவத்தில் அப்படி எத்தனை சுற்றுப் போக முடியும்? மூக்கை மட்டும் செய்தால், உள்ளங்கையில் அடங்கும் துண்டுகளாக, ஒரே சூட்டில் டஜன் கணக்கில் சோதிக்கலாம். அவற்றை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, அதே அளவு தண்ணீரை அதே சாய்வில் விட்டால் போதும். முழுப் பொருளைச் செய்யாவிட்டால் வேலையே செய்யாத மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி எங்களைப் போன்றவர்களுக்கு வரும். சில வாரங்களில் போய்விடும்.

விளிம்பை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்வது அடுத்த தலைவலி. கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் நுண்ணளவில் மாறும். மரத்தில் கிண்ணங்களும் பெட்டிகளும் செய்த கைவினைஞரும் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியருமான டேவிட் பை, 1968-இல் எழுதியபோது வேலைத்திறனை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் ஒவ்வொரு கணமும் பொருள் கெட்டுப்போகும் வாய்ப்பு இருக்கும். முடிவு கையின் கவனத்தில் இருக்கிறது. இன்னொன்றில் கருவியும் அச்சும் முடிவை முன்பே தீர்மானித்துவிடும். அதைப் படித்த பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வேறு வேறு வளைவை அராவி, விளிம்பு இழுக்கும் சில்லுகள் செய்துகொண்டேன். ஈர விளிம்பை அந்தச் சில்லு தீர்மானிக்கிறது. மூக்கை இழுக்கும் விரல் மட்டும் என்னுடையது. எதைக் கருவியிடம் விட்டேன், எதைக் கையிடம் வைத்துக்கொண்டேன் என்பதே ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் ஆனது. வாசித்ததைப் பட்டறையில் இப்படி எங்காவது பயன்படுத்த முடிந்தால்தான் அதை மேற்கோள் காட்டுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஆய்வேடு மெலிந்தது, வழிகாட்டிக்கும் வாசிக்க வசதியாக இருந்தது.

இனி நோட்டுப் புத்தகம். இதைப் பற்றி எல்லாக் கல்லூரியிலும் சொல்வார்கள், யாரும் எப்படி என்று சொல்ல மாட்டார்கள். டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர் 1983-இல், தேர்ந்த தொழிலாளர்கள் வேலை முடிந்த பிறகு மட்டும் சிந்திப்பதில்லை, வேலையின் நடுவிலேயே பொருளோடு பேசிக்கொள்வது போலச் சிந்திக்கிறார்கள் என்று விளக்கினார். கட்டடக்கலை மாணவி ஒருவரின் வரைபடத்தின் மேல் ஆசிரியர் வரைந்துகொண்டே பேசுவதை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அந்த நடு நேரத்துச் சிந்தனையைப் பிடிக்காவிட்டால் ஆய்வேடு எழுத உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு கையும் சேறு. பேனா எடுக்க முடியாது. நான் செய்தது: போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, குரல் பதிவை ஓடவிட்டு, வனையும்போது வாய்விட்டுப் பேசுவது. 'இங்கே மண் இழுக்கிறது', 'விரலை எடுத்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை' என்பது போன்ற பேச்சு. பக்கத்துச் சக்கரத்தில் இருப்பவர்கள் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அன்று மாலையே அதைக் கேட்டு, உருப்படியானதை மட்டும் எழுதிவிட வேண்டும்; ஒரு வாரம் விட்டால் உங்கள் குரலே உங்களுக்குப் புரியாது.

அடையாளம் இடுவதும் இதில் சேர்த்தி. பென்சிலால் எழுதிய எண் முதல் சூட்டிலேயே எரிந்து காணாமல் போகும். ஈர மண்ணில் ஊசியால் கீறுங்கள். கிளேஸ் மூடிவிடும் இடமாக இருந்தால் இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் அடியில் எழுதுங்கள். அது சூட்டைத் தாங்கும். எண் இல்லாத சோதனைத் துண்டு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சாட்சியாக நிற்காது. கிளேஸ் சோதனையில் மூன்று பொருட்களை முக்கோணக் கட்டத்தில் கலந்து பார்ப்பது வழக்கம். 20 சதவீதப் படிகளாகப் போனால் 21 கலவைகள், 10 சதவீதப் படிகளாகப் போனால் 66. ஆர்வக் கோளாறில் எல்லாரும் 66-ஐத் தொடுவார்கள். 21-இல் தொடங்கி, சுவாரசியமான மூலையை மட்டும் நெருங்கிப் பாருங்கள்.

சூளைக் குறிப்பில் உச்ச வெப்பநிலையை மட்டும் எழுதினால் போதாது. மண்ணும் கிளேஸும் வெப்பத்தோடு நேரத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கின்றன. ஒரே 1240 டிகிரி செல்சியஸுக்கு மெதுவாக ஏறிய சூளையும் வேகமாக ஏறிய சூளையும் வேறு வேறு விளிம்பைத் தரும். இதற்காகத்தான் 1886-லேயே ஜெர்மனியில் ஹெர்மன் சேகர், குறிப்பிட்ட அளவு வெப்ப வேலை நடந்ததும் வளைந்து சாயும் சிறிய கூம்புகளைக் கொண்டுவந்தார். டிஜிட்டல் கருவி இருந்தாலும் ஒவ்வொரு சூட்டிலும் கூம்பை வைத்து, வளைந்த நிலையில் அதைப் படம் எடுத்து ஒட்டினேன். ஏறும்போதும் இறங்கும்போதும் 573 டிகிரியைச் சுற்றி நிதானம் வேண்டும். அங்கே குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றி, கன அளவும் மாறுகிறது. அவசரப்பட்டால் கைப்பிடி சேருமிடத்தில் விரிசல் விடும். சுருக்கத்தையும் முன்பே கணக்கிட வேண்டும். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 20 சென்டிமீட்டர் உயர ஜக் வேண்டுமென்றால் ஈரத்தில் ஏறத்தாழ 22.7 சென்டிமீட்டர். விளிம்பின் வளைவும் அதே விகிதத்தில் சுருங்கும், சில்லை அராவும்போதே அதைக் கூட்டிக்கொண்டேன்.

டெக்னீஷியன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1919-இல் ஜெர்மனியின் வைமரில் வால்டர் க்ரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் பட்டறைகளுக்கு இரண்டு ஆசான்கள் இருந்தார்கள், வடிவத்துக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர். டோர்ன்பர்க்கில் இருந்த அதன் மண்பாண்டப் பட்டறையில் சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் வடிவ ஆசான், குயவர் மாக்ஸ் கிரேகன் தொழில் ஆசான். இன்றைய கல்லூரிகளில் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்காருபவர் டெக்னீஷியன்தான், பதவிப் பெயரும் சம்பளமும் மட்டும் அப்படி இல்லை. வழிகாட்டியிடம் மாதத்தில் சில மணி நேரம் கிடைக்கும். டெக்னீஷியன் தினமும் இருப்பார். உங்கள் திட்டத்தை அவருக்கு முதல் வாரத்திலேயே விளக்கிவிடுங்கள். சூளை நிரலை எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள். சோதனை முடிவைத் திரும்ப வந்து சொல்லுங்கள். பெரும்பாலான மாணவர்கள் உதவி கேட்க மட்டுமே வருவார்கள், முடிவைச் சொல்ல வருவதில்லை. என் மூக்கின் அடியில் ஒரு சிறு பள்ளம் விட்டுப் பார்க்கச் சொன்னது எங்கள் டெக்னீஷியன்தான். சன்னல் படிக்கல்லின் அடியில் மழைநீர் சுவருக்குப் போகாமல் சொட்டி விழுவதற்காக ஒரு கோடு வெட்டியிருப்பார்கள், பார்த்ததில்லையா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், ஜக்கோடு சேர்த்துப் பார்த்ததில்லை. மழுங்கிய விளிம்பையும் ஒழுகாமல் நிறுத்தியது கடைசியில் அந்தப் பள்ளம்தான். ஆய்வேட்டில் யாருடைய யோசனை என்பதை அந்தப் பக்கத்திலேயே எழுதினேன், நன்றியுரையில் ஒளித்து வைக்கவில்லை.

விமர்சன அமர்வுகளில் வேலையை மேஜையில் வைத்துவிட்டு முதல் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். விளக்கம் சொன்னால் எல்லாரும் விளக்கத்தைத்தான் விமர்சிப்பார்கள். குறிப்பெடுக்க ஒரு நண்பரை உட்கார வையுங்கள். பொருளைப் பற்றி வந்த கருத்து, நீங்கள் சொன்ன வார்த்தைகளைப் பற்றி வந்த கருத்து, பேசியவரின் சொந்த ரசனை என்று மூன்றாக அன்றிரவே பிரித்தால், மனதைக் குத்தியவை பெரும்பாலும் மூன்றாவது கூடையில் விழுந்திருக்கும். மற்ற துறை மாணவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். நெசவுக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி, குயவர்கள் யாருக்கும் தோன்றாதது: ஜக் காலியாகிக்கொண்டே வரும்போது ஒழுகல் கூடுமா குறையுமா? சாய்வு கூடக் கூட எல்லாமே மாறுகிறது என்று அதன் பிறகுதான் அளக்கத் தொடங்கினேன்.

மனிதர்களை வைத்துச் சோதிக்கும் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஒப்புதல் படிவம், கல்லூரியின் அனுமதி எல்லாம் உண்டு. அதற்கே வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே போடுங்கள். கைகளை மட்டும் படம் பிடித்தால் அனுமதி சுலபமாகிறது. தண்ணீரில் நிறம் கலந்து, அடியில் உறிஞ்சும் காகிதத்தை விரித்து, ஒவ்வொருவரையும் ஊற்றச் சொன்னேன். யார் ஊற்றியது, எந்த மூக்கு என்று காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். கவனமாக ஊற்றுகிறவர்கள்தான் அதிகம் சிந்தினார்கள். கீழே சிந்திவிடக் கூடாது என்று மெதுவாக ஊற்றுகிறார்கள். மெதுவாகப் போகும் தண்ணீர்தான் விளிம்போடு ஒட்டிக்கொண்டு திரும்புகிறது. அலட்சியமாகக் கவிழ்த்தவர்களின் காகிதம் சுத்தமாக இருந்தது. வழிகாட்டி முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் காகிதங்களில் இருந்தது. பயந்து ஊற்றுகிறவருக்காக ஜக் செய்ய வேண்டும். வேகமாக ஊற்றுகிறவருக்கு எந்த ஜக்கும் சரிதான்.

எழுத்து வேலையைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளாதீர்கள் என்று சொல்வதால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே சின்னதாக ஒன்று: ஒவ்வொரு சூடு முடிந்ததும் படங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுங்கள், மூன்று நான்கு வரி போதும். எதைச் சோதித்தேன், எதை மாற்றவில்லை, என்ன வந்தது, அடுத்து என்ன. இந்தக் குறிப்புகளை வரிசையாக வைத்தால் ஆய்வேட்டின் நடுப்பகுதி ஏறக்குறைய தயாராகிவிடும். மற்றவர்களின் படைப்புகளைப் பற்றி எழுதும் அத்தியாயத்தில் படங்களை அடுக்கிப் புகழ்வதில் பயனில்லை. அந்தப் படைப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தேடுங்கள். 1923-இல் பௌஹவுஸ் மாணவர் தியோடோர் போக்லர் செய்த தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டேன். உடல், மூக்கு, கைப்பிடி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்து வெவ்வேறு விதமாகச் சேர்க்கும்படி, அச்சில் வார்க்க ஏற்றதாக அமைத்தார். அவருடைய கேள்வி உற்பத்தி பற்றியது. என்னுடையது ஊற்றுவது பற்றியது. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் என் வேலையின் எல்லை எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த மண்தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் வெளியேறாது, வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிலிக்கோசிஸ் வரும். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கிளேஸ் கலக்கும்போது முகத்தில் சரியாகப் பொருந்தும் தூள் வடிகட்டும் மாஸ்க் கட்டாயம். இதில் சோம்பல் வேண்டாம்.

கடைசிப் பருவத்தின் நாட்காட்டியைத் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். காட்சி அமைக்க, படம் எடுக்க, ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்க என்று கழித்துக்கொண்டே வந்தால், கடைசிச் சூடு நீங்கள் நினைத்ததைவிட ஒரு மாதமாவது முன்னால் வந்து நிற்கும். எல்லாருக்கும் அதே வாரத்தில்தான் சூளை வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்சியில் ஜக்குகளை விடக் கறை பிடித்த காகிதங்களுக்கே அதிக இடம் கொடுத்தேன். சுவர் முழுக்க வரிசையாக மாட்டி, கீழே அந்தந்த மூக்கைத் தட்டில் வைத்தேன். ஒரு மூலையில் தண்ணீரும் ஜக்குகளும் வைத்து, வருபவர்களே ஊற்றிப் பார்க்க ஏற்பாடு. தேர்வாளர்களும் ஊற்றிப் பார்த்தார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அவர்கள் கேட்டதில் பாதிக்கு மேல் நிராகரித்த துண்டுகளைப் பற்றி: இதை ஏன் விட்டீர்கள், இது ஒழுகவில்லையே, அப்புறம் ஏன் வேண்டாம் என்றீர்கள்? இதற்காகத்தான் எண்ணிட்ட துண்டுகளை ஒன்று விடாமல் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். 'இது ஒழுகாது, ஆனால் கழுவும்போது துணி மாட்டுகிறது' என்று துண்டைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்ல முடிந்தது.

பட்டம் கிடைத்த பிறகு கல்லூரியின் கணினிக் கணக்கு சில மாதங்களில் மூடப்பட்டுவிடும். படங்கள், குரல் பதிவுகள், சூளை நிரல்கள் எல்லாவற்றையும் அதற்கு முன்பே சொந்த ஹார்ட் டிஸ்கில் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைத் துண்டுப் பெட்டியை எடுத்துப்போக முடியாதவர்கள், குறைந்தது ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது எடுத்துப்போங்கள். விளிம்புச் சில்லுகளை நான் இன்னும் தினசரி வேலையில் பயன்படுத்துகிறேன். அவற்றில் ஒன்று தேய்ந்துவிட்டதால், குறிப்பில் இருந்த அளவைப் பார்த்துப் போன வாரம் புதிதாக ஒன்று அராவினேன்.